அழித்துச் செய்த மகுடங்கள்

வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு மகுடம் இருக்கிறது. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் தம் இரண்டாம் மனைவி மரி லூயிஸுக்கு 1810இல் திருமணப் பரிசாகக் கொடுத்தது. பாரிஸின் நித்தோ குடும்பத்துப் பொற்கொல்லர்கள் செய்தார்கள். வெள்ளியும் பொன்னும் கொண்ட சட்டத்தில் 1,006 வைரங்கள். மொத்தம் 700 காரட். அவற்றுக்கு நடுவே வானத்து நீலத்தில் 79 பேரோசாக் கற்கள். பார்ப்பவர்கள் இதைத்தான் மரி லூயிஸ் அணிந்தார் என்று நினைத்துக்கொண்டு நகர்கிறார்கள். ஆனால் அவர் அணிந்தபோது அந்த 79 குழிகளிலும் மரகதம் இருந்தது.

1953இல் வான் க்ளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் என்ற நகை நிறுவனம் ஹாப்ஸ்பர்க் வம்சத்து வாரிசு ஒருவரிடமிருந்து இந்த மகுடத்தை வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மரகதங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறு நகைகளில் பதித்து, நெப்போலியன் பெயரைச் சொல்லி விற்றது. காலியான குழிகளில் பாரசீகப் பேரோசாவைப் பதித்தது. 1971இல் மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் மகுடத்தை வாங்கி அருங்காட்சியகத்துக்கு அளித்தார். மரகதங்கள் யார் யார் விரலிலோ மார்பிலோ சிதறிப்போய்விட்டன.

நம் வீடுகளில் பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்கு ஆரம் செய்வது வழக்கம். தங்கமும் கல்லும் தங்கும். பத்தர் செய்த வேலைப்பாடு உலையில் போகும். ஐரோப்பிய அரச குடும்பங்களும் இதையேதான் செய்தன, இன்னும் பெரிய அளவில். அவர்களுடைய டியாராக்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பொதுவாகக் காரட் கணக்கில் தொடங்கி விலையில் முடிப்பார்கள். இந்த உரை கல்லைத் தாங்கும் சட்டங்களின் பக்கம் நிற்கிறது. கல் பூமியில் விளைந்தது. அதை ஒரு பெண்ணின் நெற்றிக்கு மேலே ஒளியோடு நிற்கவைத்த அமைப்புதான் மனிதன் செய்தது. அழிந்ததெல்லாம் அதுதான்.

டியாரா என்பது முழு வட்டக் கிரீடம் அன்று. முன்நெற்றிக்கு மேலே கூந்தலில் அமர்ந்து, பின்பக்கம் திறந்திருக்கும் அரைவட்ட அணி. முடிசூட்டிக்கொள்ளும் உரிமை மன்னருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே. டியாராவை இளவரசியும் பிரபுவின் மனைவியும், வசதி வந்தபின் வங்கி முதலாளியின் மனைவியும் அணியலாம். இதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. வட கிரேக்கத்தின் வெர்ஜினாவில் 1977இல் மனோலிஸ் ஆந்த்ரோனிகோஸ் அகழ்ந்தெடுத்த மாசிடோனிய அரச கல்லறையில், பொன்னாலான ஓக் இலை மாலை ஒன்று கிடைத்தது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு மண்ணுக்கடியில் இருந்தும் இலைகளும் காய்களும் இன்று கொய்தவை போல இருக்கின்றன. கல்லறைக்குள் இருந்ததால் எந்த வாரிசும் அதை அழித்துச் செய்ய முடியவில்லை.

ஐரோப்பியப் பெண்களின் தலைக்கு இந்தக் கிரேக்க வடிவம் திரும்பி வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். ஹெர்குலேனியம், பாம்பேய் நகரங்களின் அகழ்வாய்வு பழைய ரோமின் கோலத்தைக் கண்முன் நிறுத்தியிருந்தது. பொடி பூசி உயர்த்திய கூந்தல் போய், நெற்றியோடு படிந்த கூந்தல் வந்தது. அதற்குப் பொருத்தமாக இலைமாலையும் பட்டையும் வந்தன.

அதை அரசியலாக்கியவர் நெப்போலியன். 1804 டிசம்பர் 2 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் முடிசூடிக்கொண்டவருக்கு அரச பரம்பரை கிடையாது. பழைய பூர்போன் மன்னர்களின் சாயலும் ஆகாது. ஆகவே ரோமானியச் சீசர்களின் சாயலை எடுத்துக்கொண்டார். ழாக் லூயி தவீத் வரைந்த முடிசூட்டு ஓவியத்தில் ஜோசஃபினும் நெப்போலியனின் சகோதரிகளும் அணிந்திருக்கும் தலையணிகளைப் பார்த்தால் அந்தக் கணக்கு புரியும். புரட்சியில் வேலையிழந்து கிடந்த பாரிஸ் பொற்கொல்லர்களுக்கும் இது வாழ்வு கொடுத்தது. அரசவைக்கு வரும் பெண்கள் அணிகலன் பூண்டு வர வேண்டும் என்று பேரரசர் எதிர்பார்த்தார். பட்டறைகளில் மறுபடி உலை எரிந்தது.

ஜோசஃபினுடைய மகுடங்களில் ஒன்று இன்றும் சுவீடனில் அணியப்படுகிறது. முத்தும் பொன்னும் கொண்ட சட்டத்தில், கேமியோ எனப்படும் புடைப்புச் சிற்பங்கள் பதித்தது. ஜோசஃபினின் பேத்தி, அதே பெயர் கொண்டவர், 1823இல் சுவீடன் பட்டத்து இளவரசர் ஆஸ்காரை மணந்து போனபோது இந்த அணியும் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 1976இல் ராணி சில்வியாவும் 2010இல் பட்டத்து இளவரசி விக்டோரியாவும் மணநாளில் இதையே அணிந்தார்கள். இது பிழைத்ததற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. கேமியோவில் செதுக்கிய உருவம்தான் விலை. கழற்றி விற்றால் பெரிய லாபம் இல்லை. வைரமும் மரகதமும் பதித்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்னொரு அணி இருக்கிறது. பதினொரு நீலக்கற்கள் பதித்த சிறிய மகுடம். விக்டோரியா ராணியைத் திருமணம் செய்துகொண்ட 1840இல் இளவரசர் ஆல்பர்ட் தாமே வரைந்து கொடுத்தது. ஜோசஃப் கிச்சிங் என்ற பொற்கொல்லர் 415 பவுண்டுக்குச் செய்தார். நீலக்கற்கள் பொன்னில், வைரங்கள் வெள்ளியில். கல்லின் நிறத்துக்கு எந்த உலோகம் துணை என்று ஆல்பர்ட்டும் கிச்சிங்கும் யோசித்தது கண்ணுக்குத் தெரிகிறது: பொன்னின் மஞ்சள் நீலத்தை ஆழமாக்குகிறது, வெள்ளியின் வெண்மை வைரத்தின் வெளிச்சத்தைக் கெடுக்காமல் விடுகிறது. சட்டம் இணைப்புகளால் வளையக்கூடியது. கொண்டையைச் சுற்றி முழு வட்டமாகவும் அணியலாம், விரித்து முன்தலையிலும் அணியலாம். 1842இல் விண்டர்ஹால்டர் வரைந்த உருவப்படத்தில் இளம் ராணி இதைக் கொண்டையைச் சுற்றி அணிந்திருக்கிறார்.

1861இல் ஆல்பர்ட் இறந்துபோனார். விதவையான ராணி பல ஆண்டுகள் பொது நிகழ்ச்சிகளைத் தவிர்த்தார். 1866இல் மறுபடி நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க வந்தபோது அரச கிரீடத்தை அணிய மறுத்து, இந்தச் சிறு மகுடத்தை அணிந்துகொண்டார். கணவர் வரைந்த கோடுகள் அவர் தலையில் இருந்தன. பின்னாளில் இது குடும்பத்தில் கைமாறி, 1922இல் இளவரசி மேரியின் திருமணப் பரிசாகி, கடைசியில் வணிகர் கைக்குப் போயிற்று. 2016இல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு பொலிஞ்சர் தம்பதி வாங்கி அருங்காட்சியகத்துக்கு அளித்தார்கள். கல்லும் சட்டமும் வரைந்தவர் பெயரும் ஒருங்கே பிழைத்த அரிதான நேர்வு இது.

ஆல்பர்ட் வரைந்த இன்னொரு அணியில் இந்தியாவின் கோடுகள் இருக்கின்றன. 1851இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் இந்திய நகைகளைப் பார்த்த ஆல்பர்ட், முகலாயக் கட்டடங்களின் வளைவையும் தாமரையையும் எடுத்து ஒரு டியாராவுக்குக் கோலமிட்டார். 1853இல் கரார்டு நிறுவனம் அதை வைரமும் ஓப்பலும் பதித்துச் செய்தது. விக்டோரியாவுக்கு ஓப்பல் பிடிக்கும். மருமகள் அலெக்சாண்ட்ராவோ ஓப்பலை அபசகுனம் என்று நினைத்தார். 1902இல், தாம் ராணியானதும், ஓப்பல்களை எடுத்துவிட்டு மாணிக்கம் பதிக்கச் சொன்னார். கோடு ஆல்பர்ட்டுடையது, நிறம் அலெக்சாண்ட்ராவுடையது. பால்போல வெளுத்து, உள்ளுக்குள் பல நிறம் காட்டும் ஓப்பலுக்காக வரைந்த தாமரையில் செந்நிறம் வந்தால் அது வேறு நகை. அது அழகாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆல்பர்ட் மனத்தில் கண்ட அழகு அதுவன்று.

இனி, இவற்றைச் செய்த கைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வைரத்தை வெள்ளியில்தான் பதித்தார்கள். பொன் வைரத்துக்கு மஞ்சள் ஏற்றிவிடும். ஆனால் வெள்ளி கறுக்கும்; கூந்தலிலும் தோலிலும் கறை படியும். ஆகவே முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் பொன் தகடு. வெள்ளி மென்மையான உலோகம் என்பதால் கல்லைப் பிடித்து நிறுத்தத் தடித்த சட்டம் வேண்டும். பழைய டியாராக்கள் கனமாக இருப்பதன் காரணம் இதுதான். வாண்டர்பில்ட் குடும்பத்திலிருந்து மார்ல்பரோ கோமகளாகிப் போன கான்சுவேலோ, தந்தை கொடுத்த டியாரா தமக்கு எப்போதும் கடும் தலைவலியைத் தந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது பிளாட்டினம் பட்டறைக்கு வந்தது. 1,768 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். பொன்னுக்கு 1,064 போதும். பழைய ஊதுலைக்கு இது மசியாது. புதிய வாயுச் சுடர்கள் வந்தபிறகு பாரிஸின் கார்த்தியே முதலிய பட்டறைகள் இதை வசப்படுத்தின. பிளாட்டினம் கறுக்காது. வலு மிகுதி. நூல்போல இழுத்த கம்பியும் ஒரு கல்லைத் தாங்கும். சட்டத்தின் விளிம்பைக் கத்திமுனைபோலச் சீவி, எதிரிலிருந்து பார்க்கும்போது உலோகமே தெரியாதபடி செய்தார்கள். கற்கள் தாமாகவே அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றும். மலர்மாலைக் கோலம் என்று நகை வரலாறு சொல்லும் பாணி இப்படிப் பிறந்தது. அதே காலத்தில் மின்விளக்கும் மாளிகைகளுக்குள் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காக அமைந்த நகையும் மின்னொளிக்காக அமைந்த நகையும் ஒன்றல்ல.

தென்னாப்பிரிக்காவில் 1860களின் இறுதியில் வைரம் கிடைத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை இந்தியாவும் பிரேசிலும் கொடுத்த சொற்ப வைரத்தில் ஓடிய தொழிலுக்குக் கற்கள் குவியத் தொடங்கின. அமெரிக்கப் பணம் பிரிட்டிஷ் பட்டங்களைத் திருமணம் செய்துகொண்டது. 1870 முதல் 1914 வரையிலான காலம் டியாராவின் பொற்காலமானது இவையெல்லாம் ஒன்றுசேர்ந்ததால்தான்.

அந்தக் காலத்தின் வேலைக்குச் சான்று மான்செஸ்டர் டியாரா. 1903இல் மான்செஸ்டர் கோமகள் கான்சுவேலோ இஸ்னாகாவுக்காகக் கார்த்தியே செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டை தீட்டிய வைரங்களையும் நானூற்றுக்கும் மேற்பட்ட ரோஜாப் பட்டை வைரங்களையும் கோமகளே தம் பழைய நகைகளிலிருந்து கொடுத்தார். அதாவது இந்த டியாராவும் அழித்துச் செய்ததே. சுடர்விடும் இதயங்களும் வளைந்தோடும் சுருள்களுமான கோலம். 2007இல் மரபுரிமை வரிக்கு ஈடாகப் பிரிட்டிஷ் அரசு இதை ஏற்றுக்கொண்டு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் வைத்தது. வரிக்கு ஈடாகக் கலைப்பொருளை வாங்கிக்கொள்ளும் அந்த விதி எத்தனையோ நகைகளை உலையிலிருந்து காப்பாற்றக்கூடிய ஏற்பாடு. நம் நாட்டிலும் யோசிக்க வேண்டியது.

பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தில் ஷோமே நிறுவனம் இருக்கிறது. நித்தோவின் பட்டறை வழியில் வந்தது. அங்கே ஒரு கூடத்துச் சுவர்களில் நூற்றுக்கணக்கான டியாரா மாதிரிகள் அணிவகுத்திருக்கின்றன. கல்லே இல்லாதவை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த மலிவான வெள்ளை உலோகத்தில் வெட்டி, கல் வரவேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டியவை. முதலில் தாளில் வரைவார்கள். பிறகு இந்த மாதிரியைச் செய்து, வாங்க வந்தவரின் தலையில் வைத்துப் பார்ப்பார்கள். முகம் நீளமா, நெற்றி அகலமா, கழுத்து எப்படி என்று பார்த்து உயரத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஒத்துக்கொண்ட பிறகே விலை உயர்ந்த உலோகம் உலைக்குப் போகும். அந்த மாதிரிகளில் பலவற்றின் அசல் இன்று உலகில் இல்லை. விலையில்லாத மாதிரிதான் தப்பியது. ஒரு தலைமுறைக் கைவினையின் நினைவு முழுவதும் அதில் இருக்கிறது.

டியாராவின் உள்ளே இருக்கும் சாமர்த்தியத்தையும் கவனிக்க வேண்டும். மலர்களை மெல்லிய சுருள்வில்லின் மேல் நிறுத்துவார்கள். அணிந்தவர் மூச்சுவிட்டாலே பூ நடுங்கி ஒளி சிதறும். பின்னால் சிறு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் டியாரா கழுத்தணியாகும், நடுமலர் மார்பில் குத்தும் புரோச்சாகும். அடிச்சட்டத்துக்குக் கூந்தலின் நிறத்தில் வெல்வெட் சுற்றுவார்கள். கூந்தலோடு ஒன்றிப்போகும், வழுக்காது. ஒரே பொருளை மூன்று விதமாக அணியும்படி முன்கூட்டியே யோசித்துச் செய்த சட்டம், கழற்றுவதற்காகவே செய்ததாயினும், திரும்பச் சேர்க்க முடிந்தது. அழிப்பது வேறு, அதில் திரும்புதல் இல்லை.

1947 நவம்பர் 20 அன்று காலை, திருமணத்துக்குப் புறப்படும் நேரத்தில், பின்னாளில் ராணியான இளவரசி எலிசபெத்தின் தலையில் வைக்கும்போது, அவர் பாட்டி ராணி மேரியின் விளிம்பு டியாராவின் சட்டம் ஒடிந்தது. காவலர் துணையோடு கரார்டு பட்டறைக்கு ஓடினார்கள். சில மணி நேரத்தில் சரிசெய்து கொண்டுவந்தார்கள். அந்தக் காலை உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு திருமணம், பெயர் தெரியாத ஒரு பற்றவைப்புக் கைக்காகக் காத்திருந்தது.

விளிம்பு டியாரா என்பது ரஷ்யப் பெண்களின் கொகோஷ்னிக் தலையணியிலிருந்து வந்த கோலம். நெற்றிக்கு மேலே பிறை வடிவில் உயர்ந்து நிற்கும் துணி அணி அது. 1834இல் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலாஸ் அரசவைப் பெண்களின் உடைக்கு விதி வகுத்தபோது இதை அதிகாரபூர்வமாக்கினார். துணியின் இடத்தில் நாளடைவில் வைரக் கதிர்கள் வந்தன. ரஷ்யச் சக்கரவர்த்தினியின் தலையில் இருந்ததைப் போலவே தமக்கும் வேண்டும் என்று அவருடைய அக்கா அலெக்சாண்ட்ரா விரும்ப, 1888இல் அவருடைய வெள்ளிவிழாத் திருமண நாளுக்குப் பிரிட்டிஷ் பிரபு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து ஒன்று செய்து கொடுத்தார்கள்.

ரஷ்யாவிலிருந்து தப்பிவந்த டியாராக்களில் விளாடிமிர் டியாராவின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1874இல் பெருங்கோமகள் மரியா பாவ்லோவ்னா, பெருங்கோமகன் விளாடிமிரை மணந்தபோது பொலின் நிறுவனம் செய்தது. ஒன்றோடொன்று பின்னிய வைர வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு முத்துத் துளி ஊசலாடும். 1917 புரட்சியில் பெருங்கோமகள் காகசஸ் பக்கம் போய்விட்டார். நகைகள் பெட்ரோகிராட் மாளிகையின் ரகசியப் பெட்டகத்தில் மாட்டிக்கொண்டன. ஆல்பர்ட் ஸ்டாப்போர்டு என்ற ஆங்கிலேயக் கலைப்பொருள் வணிகர், குடும்ப நண்பர், மாளிகைக்குள் நுழைந்து நகைகளை வெளியே எடுத்து லண்டனுக்குக் கொண்டுசேர்த்தார். 1920இல் பெருங்கோமகள் பிரான்சில் இறந்தார். மகள் எலெனா அடுத்த ஆண்டு டியாராவை ராணி மேரிக்கு விற்றார்.

ராணி மேரியைப் போல நகைகளை நேசித்தவரும் மாற்றியவரும் அந்த நூற்றாண்டில் வேறு எவரும் இல்லை. விளாடிமிர் டியாராவில் முத்துகளைக் கழற்றிவிட்டு மரகதம் தொங்கவிடும்படி ஏற்பாடு செய்தார். இரண்டையும் மாற்றி மாற்றி அணியலாம். அந்த மரகதங்களின் பயணம் இன்னும் சுவையானது. அவருடைய பாட்டி, கேம்பிரிட்ஜ் கோமகள் அகஸ்டா, 1818 வாக்கில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினார்; பரிசாக ஏறத்தாழ நாற்பது மரகதங்கள் விழுந்தன. அவை மகள் வழியாக மேரியின் தம்பி பிரான்சிஸிடம் போயின. 1910இல் அவர் இறந்தபோது கில்மோரி சீமாட்டிக்கு எழுதிவைத்துவிட்டார். மேரி அவற்றை மீட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு டில்லி தர்பாருக்காகக் கரார்டு செய்த உயரமான டியாராவில் அவற்றில் சிலவற்றைப் பதித்துக்கொண்டார். 1911 டிசம்பர் 12 அன்று டில்லியில் கூடிய கூட்டத்துக்கு முன்னால் ஃபிராங்க்ஃபர்ட் லாட்டரியின் மரகதங்கள் மின்னின. பிறகு அதிலிருந்து கழற்றி விளாடிமிர் டியாராவுக்குக் கொண்டுபோனார். டில்லி தர்பார் டியாரா மரகதம் இழந்து நின்றது.

1893இல் பிரிட்டனின் இளம்பெண்கள் காசு சேர்த்து அவருக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்த டியாராவையும் அவர் விட்டுவைக்கவில்லை. மேல்விளிம்பில் நின்ற முத்துகளை 1914இல் எடுத்து, காதல்முடிச்சு டியாராவில் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் டயானா அணிந்தது அதுதான். முத்து இருந்த இடத்தில் வைரம் வந்தது. அந்த இளம்பெண்களின் டியாரா இன்று பணத்தாள்களிலும் நாணயங்களிலும் எலிசபெத்தின் தலையில் உலகெங்கும் புழங்குகிறது. முத்தோடு அதைப் பார்த்தவர்கள் இன்று ஒருவரும் இல்லை. ராணி மேரி ரசனை மிக்கவர். அவர் மாற்றியமைத்தவற்றில் பல முன்பைவிட மேம்பட்டன. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹைதராபாத் நிஜாமின் டியாராவுக்கு நேர்ந்தது வேறு. 1947இல் உஸ்மான் அலி கான், எலிசபெத்தின் திருமணத்துக்குப் பரிசு கொடுக்க விரும்பி, லண்டன் கார்த்தியேயில் மணமகளே விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார். இந்தியா விடுதலை பெற்று மூன்று மாதம். ஹைதராபாத் இன்னும் இந்தியாவோடு சேரவில்லை. எலிசபெத் ஒரு கழுத்தணியையும் ஒரு டியாராவையும் தேர்ந்தெடுத்தார். டியாராவில் மூன்று வைர ரோஜாக்கள். தனியே கழற்றிப் புரோச்சாகவும் அணியலாம். 1973இல் அந்த டியாராவைப் பிரித்தார்கள். பர்மிய மக்கள் திருமணத்தின்போது அளித்த 96 மாணிக்கங்களோடு சேர்த்துக் கரார்டு புதிய டியாரா செய்தது. மனித உடலுக்கு வரும் 96 நோய்களிலிருந்து காக்க 96 மாணிக்கம் என்பது பர்மிய நம்பிக்கை. ரோஜாக்கள் புரோச்சுகளாக மிஞ்சின. கழுத்தணியை இன்று வேல்ஸ் இளவரசி கேதரின் அணிகிறார். நிஜாமின் டியாராவைப் புகைப்படங்களில் மட்டுமே பார்க்க முடியும். எலிசபெத்தின் பெட்டகத்தில் டியாராவுக்குக் குறைவே இருந்ததில்லை. மாணிக்கத்துக்கு வேறு வைரம் தேடியிருக்கலாம். ஒரு முழு வேலைப்பாட்டை அதற்காகப் பிரித்தது தேவையில்லாத இழப்பு.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் நேரடியான தொடர்பு இருக்கிறது. கிருஷ்ணா ஆற்றங்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரம் ஒன்றை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் பட்டை தீட்டியபின் அது ஏறத்தாழ 141 காரட் ஆயிற்று. 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் ஓர்லியான்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்க, ரீஜென்ட் வைரம் என்ற பெயர் வந்தது. பதினைந்தாம் லூயியின் கிரீடம், நெப்போலியனின் வாள், கடைசியில் மூன்றாம் நெப்போலியனின் மனைவி பேரரசி யூஜெனியின் கிரேக்கக் கோல டியாரா என்று அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. வைரம் இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் தனியாக இருக்கிறது. யூஜெனிக்காக அதைத் தாங்கிய டியாரா இல்லை.

அது இல்லாமல் போனதற்குப் பின்னால் ஓர் அரசாங்கத்தின் முடிவு இருக்கிறது. 1887 மே மாதம் பிரான்சின் மூன்றாம் குடியரசு அரச நகைகளை ஏலம் விட்டது. மன்னராட்சியின் சின்னம் இருக்கும் வரை அதை மீட்க ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள் என்பது குடியரசுவாதிகளின் அச்சம். ரீஜென்ட் போன்ற சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றார்கள். அமெரிக்காவின் டிஃபனி பெரும் பங்கை வாங்கியது. நாற்பது ஆண்டு கழித்து ரஷ்யாவிலும் அதுவே நடந்தது. 1927 மார்ச்சில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ரோமனோவ் நகைகள் போயின. கோதுமைக் கதிர்களாலான ஒரு டியாரா அதில் மறைந்தது. விற்பதற்கு முன் கனிமவியல் அறிஞர் ஃபெர்ஸ்மன் தலைமையில் படங்களோடு பட்டியல் வெளியிட்டிருந்ததால், 1980இல் சோவியத் பொற்கொல்லர்கள் அதே கோலத்தில் ஒன்றைத் திரும்பச் செய்ய முடிந்தது. மாஸ்கோ வைர நிதியத்தில் அது இருக்கிறது. ஒரு நல்ல பட்டியல் செய்யக்கூடிய வேலை இது.

பிரான்ஸ் தான் விற்றதைத் திரும்ப வாங்கத் தொடங்கியது மிகத் தாமதமாக. யூஜெனிக்காக 1853இல் லெமோனியே செய்த முத்து டியாரா, 212 முத்துகளும் 1,998 வைரங்களும் கொண்டது, ஏலத்துக்குப் பின் ஜெர்மனியின் துர்ன் உண்ட் டாக்ஸிஸ் குடும்பத்தில் நூறாண்டு இருந்து, 1992இல் லூவ்ருக்கு வந்தது. 2025 அக்டோபர் 19 காலையில், மரச்சாமான் தூக்கும் ஏணி வண்டியைச் சுவரோரம் நிறுத்தி அப்போலோ கூடத்துக்குள் நுழைந்தவர்கள் சில நிமிடங்களில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மரி அமெலி, ஒர்த்தான்ஸ் ராணியர் அணிந்த டியாராவும் போயிற்று. அதன் 24 நீலக்கற்களும் இலங்கையில் தோண்டியவை. மொத்தம் எட்டு அணிகள். யூஜெனியின் கிரீடம் தப்பியோடும்போது கீழே விழுந்து நசுங்கியது. மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ என்று செய்திகள் சொல்லின. அந்தத் தொகைக்குள் வரலாற்றின் மதிப்பு அடங்காது. கொள்ளையர் கையில் நடக்கக்கூடியது என்ன என்பதை இந்தத் துறையில் எல்லோரும் அறிவார்கள்: கல்லைப் பெயர்த்து, பெரியதை மறுபடி பட்டை தீட்டி அடையாளம் அழித்து, உலோகத்தை உருக்குவது. இங்கிலாந்தின் வெல்பெக் பண்ணையிலிருந்து 2018இல் களவுபோன போர்ட்லண்ட் டியாராவும், 1902 முடிசூட்டுக்காகக் கார்த்தியே செய்தது, இன்றுவரை கிடைக்கவில்லை.

அரச குடும்பத்தார் நாகரிகமாகச் செய்ததையும் குடியரசு சட்டப்படி செய்ததையும்தான் திருடர்கள் மறைவில் செய்கிறார்கள் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். நோக்கங்கள் வேறு, உரிமைகள் வேறு. நகையின் சட்டத்துக்கு நேர்வது ஒன்றுதான். ஆகவே அருங்காட்சியகங்களும் குடும்பங்களும் கோயில் பெட்டகங்களும் தங்கள் நகைகளை எடைபோட்டுக் கல் எண்ணிக் குறிப்பதோடு நிறுத்தக்கூடாது. பின்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். இணைப்பு எங்கே, திருகாணி எங்கே, எந்தக் கல் எந்த உலோகத்தில் என்று வரைந்து வைக்க வேண்டும். செய்த பட்டறையின் பெயரைத் தேடிக் குறிக்க வேண்டும்.

பிரான்சின் அங்கூலேம் கோமகளுக்காக 1819-20இல் பாப்ஸ்த் பட்டறை ஒரு மரகத டியாரா செய்தது. 40 மரகதங்கள், 1,031 வைரங்கள். வைர இலைச்சுருள்கள் இருபுறமும் விரிந்து நடுமரகதத்தில் வந்து கூடுகின்றன. இடப்பக்கத்துக்கு வலப்பக்கம் ஈடுகொடுக்கும் அந்த ஒழுங்கு, அளவில் சமமில்லாத பழைய மரகதங்களைக் கொண்டு கட்டியது என்பதே வியப்பு. 1830 புரட்சியில் நாட்டைவிட்டுப் போகும்போது கோமகள் அதை அரசுக் கருவூலத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். யூஜெனி விரும்பி அணிந்தார். 1887 ஏலத்தில் விலைபோயிற்று. தனியார் கைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருந்தும், மரகதச் சந்தை எத்தனையோ முறை ஏறி இறங்கியும், வைத்திருந்தவர்கள் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. 2002இல் லூவ்ர் வாங்கியது. 2025இல் களவுபோனவற்றின் பட்டியலில் அது இல்லை. பாப்ஸ்த் பட்டறையில் அமர்ந்து அந்த நாற்பது மரகதங்களுக்கும் இடம் வகுத்தவரின் தீர்மானங்கள், எந்த இலை எங்கே மடிய வேண்டும் என்பது முதற்கொண்டு, அதில் அப்படியே இருக்கின்றன.